பல்கலைக்கழக உளவியல் பயிற்சிச் சிகிச்சையகம்

பல்கலைக்கழக உளவியல் பயிற்சிச் சிகிச்சையகம் என்பது, ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையால் நடத்தப்படும் உளநலச் சேவை நிலையம் ஆகும். இங்கு மருத்துவ உளவியல் பயிலும் முனைவர் பட்ட மாணவர்கள், உரிமம் பெற்ற உளவியலாளர்களின் மேற்பார்வையில், பொதுமக்களுக்கு உளச் சிகிச்சையும் உளவியல் மதிப்பீடும் வழங்குகின்றனர். சேவை, பயிற்சி, ஆய்வு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் நடைபெறுவது இந்நிலையங்களின் சிறப்பியல்பு. ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய இவ்வமைப்பு அந்நாட்டிலேயே மிகுதியாகக் காணப்படுகின்றது. இக்கட்டுரை பெரும்பாலும் அமெரிக்க நடைமுறையையே விளக்குகின்றது.

இன்னும் உரிமம் பெறாத ஒரு மாணவர், உண்மையான துன்பத்துடன் வரும் ஒருவருக்குச் சிகிச்சை அளிப்பது எவ்வாறு ஏற்கத்தக்கது என்பது இந்நிலையங்களைப் பற்றி இயல்பாக எழும் கேள்வி. மேற்பார்வை, ஒலி-ஒளிப்பதிவு, முன்கூட்டிய ஒப்புதல், முன்னேற்றத்தை அளவிடுதல், இயலாதவற்றை வேறிடம் அனுப்புதல் ஆகிய ஏற்பாடுகள் இக்கேள்விக்கான விடையாக அமைகின்றன. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் அதன் விலையைக் கொடுப்பவர் சிகிச்சைக்கு வந்தவரே. எனவே இவ்வேற்பாடுகளைப் புரிந்துகொள்வதே இந்நிலையத்தைப் புரிந்துகொள்வதாகும்.

பிற நிலையங்களில் இருந்து வேறுபாடு

ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் உளநலம் தொடர்பான மூன்று வெவ்வேறு நிலையங்கள் இருக்கக்கூடும். பெயர்கள் ஒத்திருப்பதால் இவை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுவது உண்டு.

- மாணவர் உளவளத்துணை மையம்: பல்கலைக்கழக நிருவாகத்தால் அதன் மாணவர்களுக்காக நடத்தப்படுவது. முழுநேரப் பணியாளர்களைக் கொண்டது. குறுகிய கால உதவியே இங்கு முதன்மையானது.
- மனநோய் மருத்துவப் பிரிவு: மருத்துவக் கல்லூரியையும் அதன் மருத்துவமனையையும் சார்ந்தது. மருத்துவர்கள் பணியாற்றுவதால் மருந்து எழுதித் தரவும் உள்நோயாளியாகச் சேர்க்கவும் இயலும்.
- உளவியல் பயிற்சிச் சிகிச்சையகம்: உளவியல் துறையைச் சார்ந்தது. சுற்றுப்புற மக்கள் எவரும் இதனை நாடலாம். இங்கு மருந்து தரப்படுவதில்லை. மருந்து தேவைப்படுவோர் மனநோய் மருத்துவரிடம் அனுப்பப்படுவர்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியல் சிகிச்சையகம், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியல் சிகிச்சையகம், கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் டீன் ஹோப் மையம் முதலியன இவ்வகை நிலையங்களுக்கு எடுத்துக்காட்டுகள்.

வரலாறு

விட்மரின் சிகிச்சையகம்

உலகின் முதல் உளவியல் சிகிச்சையகம் 1896 ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. இதனை நிறுவியவர் லைட்னர் விட்மர் (1867-1956). இவர் செருமனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்லெம் வுண்ட் என்பவரிடம் சோதனை உளவியல் பயின்றவர்.

அவ்வாண்டு மார்ச் மாதம், மார்கரெட் மகுவைர் என்னும் பள்ளி ஆசிரியை 14 வயதுச் சிறுவன் ஒருவனை விட்மரிடம் அழைத்து வந்தார். மற்றப் பாடங்களில் ஓரளவு தேறிய அச்சிறுவனுக்குச் சொற்களை எழுத்துக்கூட்டி எழுதுவது மட்டும் கைகூடவில்லை. இத்தகைய சிக்கலுக்கு உதவ அப்போது உளவியலில் ஆயத்தமான முறை எதுவும் இல்லை. உளவியல் பயனுள்ள ஓர் அறிவியல் எனின், அது இத்தகைய மாணவனின் ஆசிரியைக்கும் உதவ வேண்டும் என்று விட்மர் கருதினார். சிறுவனைச் சோதித்தபோது அவனது பார்வையில் குறைபாடு இருப்பது தெரிந்தது. கண்ணாடி அணிவிக்கப்பட்ட பின்னர், அவனுக்கென வகுக்கப்பட்ட முறையில் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கப்பட்டன.

பின்னாளைய சிகிச்சையகங்களின் அடிப்படைக் கூறுகள் இந்நிகழ்விலேயே காணப்படுகின்றன. குறை சோம்பலால் அல்லது மந்த புத்தியால் வந்தது என்று முடிவு கட்டாமல் முதலில் சோதித்தறிதல், கண் மருத்துவம் போன்ற பிற துறைகளின் உதவியைப் பெறுதல், கண்டறிந்ததற்கு ஏற்பச் சிகிச்சையை அமைத்தல் ஆகியன அவை. மாணவர்கள் இந்நேர்வுகளைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதும் விட்மரின் நோக்கமாக இருந்தது. 1907 இல் "உளவியல் சிகிச்சையகம்" என்னும் பொருள்படும் பெயரில் ஓர் ஆய்விதழைத் தொடங்கிய விட்மர், அதில் "மருத்துவ உளவியல்" என்ற துறைப் பெயரை முன்வைத்தார்.

போருக்குப் பிந்தைய வளர்ச்சி

இரண்டாம் உலகப் போர் வரை அமெரிக்க உளவியலாளர்கள் பெரும்பாலும் சோதனைகள் நடத்துபவர்களாகவே இருந்தனர். உளச் சிகிச்சை மருத்துவர்களின் பணியாகக் கருதப்பட்டது. போரில் இருந்து திரும்பிய வீரர்களிடையே உளப் பாதிப்பு பரவலாக இருந்ததால், இருந்த மருத்துவர்களைக் கொண்டு மட்டும் அத்தேவையை நிறைவு செய்ய இயலவில்லை. 1946 இல் அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நிருவாகம், பல்கலைக்கழகங்களுடன் இணைந்து மருத்துவ உளவியலாளர்களைப் பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதே ஆண்டில் தேசிய உளநலச் சட்டமும் நிறைவேறியது.

இவ்வாறு பெருகிய மாணவர்களுக்கு எத்தகைய கல்வி தேவை என்பதைத் தீர்மானிக்க, 1949 இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் ஒரு மாநாடு கூடியது. மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே பயிற்சி பெறவேண்டும் என்று அம்மாநாடு முடிவு செய்தது. இது போல்டர் மாதிரி என்றும் "அறிவியலர்-தொழிலர் மாதிரி" என்றும் அறியப்படுகின்றது. ஆய்வகமும் சிகிச்சையகமும் ஒரே துறையின் கீழ் இருப்பதற்கு இம்முடிவு கொள்கை அடிப்படையைத் தந்தது. 1973 இல் அதே மாநிலத்தின் வெயில் நகரில் கூடிய மாநாடு, ஆய்வைவிடத் தொழில் திறனுக்கு முதன்மை தரும் மற்றொரு மாதிரியையும் ஏற்றுக்கொண்டது.

ஒலிப்பதிவின் வருகை

நெடுங்காலம் உளச் சிகிச்சை மூடிய அறைக்குள் நிகழ்ந்த ஒன்றாகவே இருந்தது. சிகிச்சையாளர் தம் நினைவில் இருந்து சொல்வதே அங்கு நடந்தவற்றுக்குச் சான்று. இதனை மாற்றியவர்களுள் கார்ல் ரோஜர்ஸ் முதன்மையானவர். 1940 களின் தொடக்கத்தில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவர், சிகிச்சை உரையாடல்களை இசைத்தட்டுகளில் பதிவு செய்தார். ஒரு தட்டு சில நிமிடங்களே ஓடும் என்பதால், அதனை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. 1942 இல் வெளியான இவரது உளவளத்துணையும் உளச் சிகிச்சையும் பற்றிய நூலில், ஒருவருடைய சிகிச்சை முழுவதும் சொல்லுக்குச் சொல் அச்சிடப்பட்டது. பயிலும் மாணவர்கள் தாம் உண்மையில் என்ன சொன்னோம் என்பதைத் தாமே கேட்க வழி பிறந்தது. இன்றைய பயிற்சிச் சிகிச்சையகத்தின் ஒளிப்பதிவுக் கருவி இந்தத் தட்டின் வழித்தோன்றலே ஆகும்.

அமைப்பு

இந்நிலையங்களில் பொதுவாக மூன்று நிலையினர் பணியாற்றுகின்றனர்.

- இயக்குநர்: உரிமம் பெற்ற உளவியலாளர். பெரும்பாலும் துறையின் ஆசிரியர். நிலையத்தின் சட்டப் பொறுப்பும் நாளாந்த நடைமுறையும் இவரைச் சேர்ந்தவை.
- மேற்பார்வையாளர்கள்: துறை ஆசிரியர்கள் அல்லது வெளியில் தொழில் புரியும் உரிமம் பெற்ற உளவியலாளர்கள்.
- பயிற்சி மாணவர்கள்: முனைவர் பட்டப் படிப்பின் தொடக்க ஆண்டுகளில் இருப்பவர்கள். நோயியல், மதிப்பீடு, நெறிமுறை முதலிய பாடங்களைப் படிக்கத் தொடங்கிய பின்னரே சிகிச்சை அறைக்குள் அனுமதிக்கப்படுவர்.

பல மாணவர்களுக்கு இதுவே முதல் தொழிற்களம். பின்னர் அவர்கள் மருத்துவமனைகள், சமூக உளநல நிலையங்கள் முதலியவற்றில் பயிற்சியைத் தொடர்வர். படிப்பின் இறுதியில் ஏறத்தாழ ஓராண்டு முழுநேர உள்ளகப் பயிற்சியை முடித்த பின்னரே பட்டம் பெறுவர். தனியே தொழில் புரிய அதற்கு மேலும் அந்தந்த மாநிலத்தின் உரிமத் தேர்வில் தேற வேண்டும்.

வழங்கப்படும் சேவைகள்

உளச் சிகிச்சை

மனச்சோர்வு, பதற்றம், திடீர்ப் பீதி, அச்சநோய்கள், எண்ணச் சுழற்சி நோய், துயர நிகழ்வுகளுக்குப் பிந்தைய உளப் பாதிப்பு, இழப்பின் துக்கம், குடும்ப உறவுச் சிக்கல்கள் முதலியன இங்கு மிகுதியாகக் கையாளப்படுகின்றன. சந்திப்பு பொதுவாக வாரத்துக்கு ஒரு முறை, 45 முதல் 50 நிமிடங்கள் வரை நடைபெறும். பரவலாகப் பயன்படும் முறைகளுள் ஒன்று, எண்ணத்துக்கும் உணர்வுக்கும் செயலுக்கும் இடையே உள்ள தொடர்பை ஆராய்ந்து மாற்றும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சை. இதன் முன்னோடிகளுள் ஒருவரான ஆரன் பெக், விட்மர் பணியாற்றிய அதே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்.

உளவியல் மதிப்பீடு

பயிற்சிச் சிகிச்சையகத்தை நாடுவோரில் பலர் மதிப்பீட்டுக்காகவே வருகின்றனர். ஒரு குழந்தை படிப்பில் பின்தங்குவதற்குக் காரணம் வாசிப்புக் குறைபாடா, கவனக்குறை மிகையியக்கமா, பதற்றமா, அன்றிப் பள்ளியில் நேரும் துன்பமா என்பதைப் பிரித்தறிவது இதன் நோக்கம். வெக்சுலர் நுண்ணறிவுச் சோதனைகள், கல்வித் திறன் சோதனைகள், மினசோட்டா பல்கூற்று ஆளுமைப் பட்டியல் முதலியன பயன்படுத்தப்படுகின்றன. சோதனை பல மணி நேரம் நீடிப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட நாட்களுக்குப் பகிர்ந்து நடத்தப்படுவது உண்டு. இறுதியில் எழுத்து வடிவ அறிக்கை தரப்படும். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கோர இவ்வறிக்கை பயன்படும். தனியாரிடம் இம்மதிப்பீட்டுக்கு ஆகும் செலவு பல குடும்பங்களுக்கு எட்டாதது என்பதால், இச்சேவை குறிப்பிடத்தக்க சமூகப் பயன் உடையது.

குழந்தைகளுக்கும் பெற்றோருக்குமான சேவை

சிறு குழந்தைகளின் அடங்காமை, கடுஞ்சினம் முதலியவற்றுக்குப் பெற்றோரைப் பயிற்றுவிக்கும் முறைகள் கையாளப்படுகின்றன. இவற்றுள் ஷீலா ஐபெர்க் 1970 களில் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை ஊடாட்டச் சிகிச்சை குறிப்பிடத்தக்கது. இதில் தாயோ தந்தையோ குழந்தையுடன் ஓர் அறையில் விளையாட, சிகிச்சையாளர் ஒருவழிக் கண்ணாடியின் மறுபுறம் இருந்து பார்ப்பார். பெற்றோர் காதில் அணிந்த சிறு ஒலிக்கருவியின் வழியாக அவ்வப்போது என்ன சொல்லலாம், எதனைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று வழிகாட்டுவார்.

செயல்முறை

நிலையத்துக்கு நிலையம் சிறு வேறுபாடுகள் இருப்பினும், ஒருவர் சேவை பெறும் வழி பொதுவாகப் பின்வருமாறு அமையும்.

- முதல் தொடர்பு: தொலைபேசியில் சுருக்கமான விசாரணை நடைபெறும். உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளதா, இந்நிலையத்தால் உதவ இயலுமா என்பன இங்கேயே பார்க்கப்படும்.
- ஏற்பு நேர்காணல்: சிக்கலின் தொடக்கம், குடும்ப வரலாறு, உடல்நலம், மது மற்றும் போதைப்பொருள் பழக்கம், தற்கொலை எண்ணம் முதலியன விரிவாகக் கேட்டறியப்படும்.
- நேர்வை ஒப்படைத்தல்: சேவை நாடுபவரின் தேவை, மாணவரின் பயிற்சி நிலை, மேற்பார்வையாளரின் துறைத் திறன் ஆகிய மூன்றும் பொருந்துமாறு நேர்வு ஒரு மாணவரிடம் ஒப்படைக்கப்படும்.
- சிகிச்சைத் திட்டம்: எதனை மாற்ற விரும்புகின்றார் என்பதைச் சேவை பெறுபவருடன் சேர்ந்து எழுதி, அதற்குரிய முறை தேர்ந்தெடுக்கப்படும்.
- தொடர் அளவீடு: குறிப்பிட்ட இடைவெளியில் வினாப்பட்டியல்கள் நிரப்பப்படும்.
- நிறைவு அல்லது மாற்றம்: இலக்கு எட்டப்பட்டால் சிகிச்சை நிறைவுறும். இல்லையெனில் வேறு மாணவரிடமோ வேறு நிலையத்திடமோ மாற்றப்படும்.

தொடர் அளவீட்டுக்குப் பயன்படும் கருவிகளுள் 2001 இல் வெளியிடப்பட்ட ஒன்பது வினா மனச்சோர்வுப் பட்டியல் பரவலானது. கடந்த இரு வாரங்களில் ஒவ்வோர் அறிகுறியும் எத்தனை முறை தொல்லை தந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடப்படும். மொத்தம் 0 முதல் 27 வரை அமையும். இப்பட்டியலின் ஒன்பதாவது வினா, இறந்துவிட்டால் நல்லது அல்லது தம்மைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருப்பினும், இவ்வொரு வினாவுக்கு 0 அல்லாத விடை வந்தால் அதனைத் தனியே விசாரிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றது. அவ்விசாரணையில் ஆபத்து தெரிந்தால், அவர் நிலையத்தை விட்டுச் செல்லும் முன்னரே மேற்பார்வையாளர் அழைக்கப்படுவார்.

மேற்பார்வை

மேற்பார்வையே இந்நிலையத்தின் அடித்தளம். மாணவர் வாரந்தோறும் மேற்பார்வையாளரைத் தனியாகவும் குழுவாகவும் சந்திப்பார். மேற்பார்வை பின்வரும் வழிகளில் நடைபெறுகின்றது.

- மாணவர் தாம் செய்ததை வாய்மொழியாக விவரித்தல்
- எழுதிய குறிப்புகளைச் சரிபார்த்தல்
- ஒலி அல்லது ஒளிப்பதிவைச் சேர்ந்து பார்த்தல்
- ஒருவழிக் கண்ணாடி அல்லது நேரலை ஒளிப்படக்கருவி மூலம் உடனுக்குடன் கவனித்தல்
- மேற்பார்வையாளரும் மாணவரும் ஒரே அறையில் இருந்து சிகிச்சை அளித்தல்

இவற்றுள் முதலாவது மட்டும் போதாது என்பதற்கு எளிய காரணம் உண்டு. சேவை பெறுபவர் மரணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் மாணவர் அறியாமலேயே பேச்சை வேறு திசைக்குத் திருப்புகின்றார் என்று கொள்வோம். தாம் திருப்பியதை அவரே கவனிக்காதபோது, அது அவருடைய விவரணத்தில் இடம்பெறாது. குறிப்பேட்டிலும் இராது. பதிவில் மட்டுமே தெரியும். இதனால், ஒவ்வொரு பருவ மதிப்பீடும் ஓரளவேனும் நேரடிக் கவனிப்பின் அடிப்படையில் அமைய வேண்டும் என்பதை அமெரிக்க உளவியல் கழகத்தின் அங்கீகாரத் தரவிதிகள் கட்டாயமாக்கியுள்ளன.

மேற்பார்வையாளரின் பங்கு அறிவுரை கூறுவதோடு முடிவதில்லை. சிகிச்சைக்கான தொழிற்பொறுப்பும் சட்டப் பொறுப்பும் அவரைச் சாரும். மாணவர் எழுதும் குறிப்புகளும் அறிக்கைகளும் அவரது கையொப்பத்துடனேயே செல்லுபடியாகும். ஆகவே இங்கு வருபவர் உண்மையில் இருவரின் கவனத்தைப் பெறுகின்றார். அவர்களுள் ஒருவரை மட்டுமே நேரில் காண்கின்றார் எனலாம்.

ஒப்புதலும் இரகசியமும்

சிகிச்சை தொடங்கும் முன்னர், அதன் தன்மை, கட்டணம், இரகசியத்தின் வரம்பு முதலியவற்றை விளக்கி ஒப்புதல் பெறவேண்டும். அமெரிக்க உளவியல் கழகத்தின் நெறிமுறைக் கோவை, சிகிச்சையாளர் பயிற்சி பெறுபவர் எனின் அதனையும், சட்டப் பொறுப்புடைய மேற்பார்வையாளரின் பெயரையும் சேவை பெறுபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கின்றது. குரலையோ உருவத்தையோ பதிவு செய்யவும் முன்னனுமதி வேண்டும். "மாணவர்" என்ற சொல்லை மறைத்து நடத்துவது நெறிமுறை மீறல் ஆகும்.

அறையில் கூறப்படுபவை மேற்பார்வைக் குழுவைத் தாண்டி வெளியே செல்லலாகாது. இதற்குச் சில விலக்குகள் உண்டு. தமக்கோ பிறருக்கோ கடும் ஆபத்து விளைவிக்கக்கூடிய நிலை, குழந்தைகள் துன்புறுத்தப்படுவதாக ஐயம், நீதிமன்ற ஆணை ஆகியன முதன்மையானவை. விரிவான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

இவ்விலக்குகளுள் முதலாவதை வடிவமைத்த வழக்கு ஒரு பல்கலைக்கழகச் சேவையில் இருந்தே எழுந்தது. 1969 இல் பெர்க்லியில் டாட்டியானா தாராசாஃப் என்னும் இளம்பெண் கொலை செய்யப்பட்டார். கொலை செய்தவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் தம் உளவியலாளரிடம் அந்நோக்கத்தை முன்னரே வெளியிட்டிருந்தார். உளவியலாளர் வளாகக் காவலருக்குத் தெரிவித்தார். எனினும் அப்பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ எச்சரிக்கை எட்டவில்லை. பெற்றோர் தொடுத்த வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், ஆபத்துக்குள்ளாகக் கூடியவரைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்று 1976 இல் தீர்ப்பளித்தது. இச்சேவை பயிற்சிச் சிகிச்சையகம் அன்று. எனினும் இத்தீர்ப்பு மருத்துவ உளவியல் மாணவர்களுக்குக் கட்டாயப் பாடமாக உள்ளது.

பயிற்சிச் சிகிச்சையகத்துக்கே உரிய இரகசியச் சிக்கல் ஒன்றும் உண்டு. சேவை நாடுபவர் அதே பல்கலைக்கழகத்தின் மாணவராக இருந்தால், சிகிச்சை அளிக்கும் மாணவரே அவருடைய வகுப்பின் உதவி ஆசிரியராகவும் இருக்கக்கூடும். சிகிச்சையாளர் என்ற உறவும் மதிப்பெண் இடுபவர் என்ற உறவும் ஒருவரிடத்தில் சேர்வது நெறிமுறைக்கு ஒவ்வாது. எனவே நேர்வை ஒப்படைக்கும் முன்னர் இருவருக்கும் அறிமுகம் உள்ளதா என்பது சரிபார்க்கப்படுகின்றது. தேவையெனில் அவர் வேறு நிலையத்துக்கு அனுப்பப்படுவார்.

கட்டணம்

பெரும்பாலான பயிற்சிச் சிகிச்சையகங்கள் வருமானத்துக்கு ஏற்ற நெகிழ்வுக் கட்டண முறையைப் பின்பற்றுகின்றன. குடும்ப வருமானம், குடும்பத்தில் உள்ளோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு கட்டணம் கணிக்கப்படும். சிகிச்சையாளர் உரிமம் பெறாதவர் என்பதால் பல நிலையங்கள் மருத்துவக் காப்பீட்டை ஏற்பதில்லை. ஆயினும் காப்பீடு இல்லாதோருக்கும், காப்பீடு இருந்தும் உளச் சிகிச்சைக்கு அது போதாதோருக்கும் இக்கட்டணம் பெரும்பாலும் தாங்கக்கூடியதாக உள்ளது.

குறைந்த கட்டணத்தைத் தருமம் என்று மட்டும் கொள்வது முழுமையான புரிதல் ஆகாது. மாணவர் தம் தொழிலைக் கற்க, ஒருவர் தம் வாழ்வின் அந்தரங்கத்தைத் திறந்து காட்டுகின்றார். பதிவு செய்யவும் பிறர் பார்க்கவும் உடன்படுகின்றார். கட்டணச் சலுகை அவர் அளிக்கும் இவ்வுடன்பாட்டுக்கான கைம்மாறும் ஆகும்.

மாணவர் அளிக்கும் சிகிச்சையின் பயன்

அனுபவம் மிக்கவர் அளிக்கும் சிகிச்சை எப்போதும் மேலானதாக இருக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆய்வுகள் இதனை முழுமையாக உறுதி செய்யவில்லை. 1979 இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ஸ்ட்ரப், சுசான் ஹாட்லி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. அதில் கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் அனுபவமிக்க சிகிச்சையாளர்களிடமும், மற்றொரு பிரிவினர் சிகிச்சைப் பயிற்சியே இல்லாத, ஆனால் பரிவுடன் பழகுவதில் பெயர் பெற்ற பேராசிரியர்களிடமும் அனுப்பப்பட்டனர். இரு பிரிவினரின் சராசரி முன்னேற்றமும் ஏறத்தாழ ஒத்திருந்தது. சிகிச்சையாளருக்கும் சேவை பெறுபவருக்கும் இடையே உருவாகும் நம்பிக்கை உறவு, பயனைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகளுள் ஒன்று என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகின்றது.

ஆனால் இதிலிருந்து பயிற்சி தேவையற்றது என்ற முடிவுக்கு வரலாகாது. சராசரி நன்றாக இருக்கும்போதும் சிலர் சிகிச்சையின் இடையே மேலும் மோசமடைகின்றனர். அவர்களைச் சிகிச்சையாளர்கள் தம் உள்ளுணர்வால் மட்டும் கண்டுகொள்வது அரிது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லாம்பர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் 45 வினாக்கள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கி, எதிர்பார்த்த பாதையில் இருந்து விலகுவோரைப் பற்றிச் சிகிச்சையாளருக்கு எச்சரிக்கை தரும் முறையை ஆராய்ந்தனர். எச்சரிக்கை தரப்பட்டபோது மோசமடைவோர் எண்ணிக்கை குறைந்தது. தொடர் அளவீடு மாணவரின் மதிப்பெண்ணுக்காக அன்றி, சேவை பெறுபவரின் பாதுகாப்புக்காகவே நடத்தப்படுகின்றது என்பதை இது காட்டுகின்றது.

வரம்புகளும் குறைகளும்

- அவசரச் சேவை இல்லை: இரவிலும் விடுமுறையிலும் இந்நிலையங்கள் பொதுவாக இயங்குவதில்லை. உடனடித் தற்கொலை ஆபத்து, கடுமையான உளப்பிணி, மருத்துவமனையில் வைத்து நீக்கவேண்டிய போதைப் பழக்கம் உடையோர் வேறிடம் அனுப்பப்படுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் 2022 சூலை முதல் 988 என்ற மூன்று இலக்கத் தொலைபேசி எண் தற்கொலைத் தடுப்பு உதவிக்குச் செயற்படுகின்றது.
- காத்திருப்பு: மாணவர் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது என்பதால் காத்திருப்போர் பட்டியல் நீளக்கூடும். மதிப்பீட்டுச் சேவைக்கு இது பெரிதும் பொருந்தும்.
- சிகிச்சையாளர் மாற்றம்: மாணவர்கள் கல்வியாண்டின் முடிவில் வேறு பயிற்சிக் களத்துக்குச் செல்கின்றனர். நலம் பெறாத நிலையில் உள்ளவர், தம் கதையைப் புதியவர் ஒருவரிடம் மீண்டும் சொல்ல நேர்கின்றது. முன்னர் கைவிடப்பட்ட அனுபவம் உடையோருக்கு இப்பிரிவு மிகவும் கடினமானது. எனவே சிகிச்சையின் முடிவு நாள் முதலிலேயே தெரிவிக்கப்படுவதும், இறுதிச் சந்திப்புகளில் பிரிவைப் பற்றியே பேசுவதும் நல்ல நடைமுறையாகக் கொள்ளப்படுகின்றன.
- மொழியும் பண்பாடும்: சேவை எந்த மொழிகளில் கிடைக்கும் என்பது அவ்வாண்டின் மாணவர்களைப் பொறுத்தது.

2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது பல நிலையங்கள் நிகழ்படத் தொலைத்தொடர்பு வழியாகச் சிகிச்சை அளிக்கத் தொடங்கின. இது தொலைவில் உள்ளோருக்கு உதவியாக அமைந்தது. எனினும் வீட்டில் தனியறை இல்லாதவர்களுக்கு இரகசியம் காப்பது புதிய சிக்கலாயிற்று.

இந்தியாவில்

இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் பயிற்சி பல்கலைக்கழகத் துறைகளை விட மருத்துவமனைகளை ஒட்டியே பெரிதும் வளர்ந்தது. 1954 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட அனைத்திந்திய மனநல நிறுவனம் இத்துறையில் பயிற்சியை அடுத்த ஆண்டிலேயே தொடங்கியது. இந்நிறுவனம் 1974 இல் அங்குள்ள மனநல மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டு, நிம்ஹான்ஸ் என இன்று அறியப்படும் நிறுவனம் ஆயிற்று. 1992 ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தின்படி மருத்துவ உளவியலாளர்கள் அம்மன்றத்தில் பதிவு செய்யப்படுகின்றனர். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரின் இரகசியம் காக்கப்படும் உரிமையை உறுதி செய்கின்றது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் அரசுத் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் உளநல உதவி வழங்குகின்றது.

இவற்றையும் பார்க்க

- மருத்துவ உளவியல்
- உளவளத்துணை
- அறிதிறன் நடத்தைச் சிகிச்சை
- லைட்னர் விட்மர்
- கார்ல் ரோஜர்ஸ்